காலிபரேட் செய்த மானிட்டரில் ஒரு நிறம், அச்சில் வேறு நிறம்: எங்கே தேடுவது?

பதிவு 1 – இலைநிழல்

அனைவருக்கும் வணக்கம். ஒளிப்படங்களை நானே அச்சிடத் தொடங்கியதிலிருந்து ஒரு சிக்கல் விடாமல் துரத்துகிறது. மானிட்டரைக் கலரிமீட்டர் (திரையின் நிறத்தை அளக்கும் கருவி) வைத்து முறையாகக் காலிபரேட் செய்திருக்கிறேன். வெண்புள்ளி, அதாவது திரையின் வெள்ளை எந்தச் சாயலில் இருக்க வேண்டும் என்ற இலக்கு, டி65; நடுத்தொனிகளின் பிரகாசத்தைத் தீர்மானிக்கும் காமா 2.2. முடிவில் வந்த அறிக்கையில் சராசரி டெல்டா இ (இலக்கு நிறத்திலிருந்து விலகிய அளவு) 1-க்கும் கீழே இருந்தது. பிரிண்டர், நிறமி மையில் இயங்கும் இங்க்ஜெட். அரைப் பளபளப்புத் தாள் பயன்படுத்துகிறேன். தாள் தயாரிப்பாளர் தரும் ஐசிசி புரொஃபைலைத்தான் (அந்தத் தாளில் நிறங்கள் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) நிறுவியிருக்கிறேன்.

இருந்தும் படம் கைக்கு வரும்போது அது நான் திருத்திய படமாக இல்லை. மொத்தமாக இருண்டிருக்கிறது, நிழல் பகுதியில் இலைகளுக்கு இடையே இருந்த விவரம் எல்லாம் ஒரே கருமை. மனித முகங்களில் இளஞ்சிவப்புச் சாயல் ஏறியிருக்கிறது. ஆழ்ந்த நீலப் பூ ஒன்று ஊதாவாக மாறிவிட்டது.

இதே கோப்பை ஓர் அச்சுக்கூடத்துக்கும் அனுப்பிப் பார்த்தேன். அங்கிருந்து வந்தது என் அச்சைவிட வெளிர்ந்து, சற்று மஞ்சளாக இருக்கிறது. ஆக, ஒரே கோப்புக்கு மூன்று முகங்கள். எதை நம்புவது? மானிட்டரின் காலிபரேஷனையே மாற்ற வேண்டுமா?

பதிவு 2 – மைத்துளி

காலிபரேஷனை இப்போது தொடாதீர்கள். நீங்கள் சொல்வது ஒரு குறை அல்ல. இருட்டு, சிவப்புச் சாயல், ஊதாவாகும் நீலம் என மூன்று குறைகள். மூன்றுக்கும் காரணம் ஒன்றாக இருப்பது அரிது. ஒரே மருந்தைத் தேடினால் ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்துவிடுவோம்.

சில விவரங்கள் தேவை. காலிபரேஷனில் மானிட்டரின் பிரகாசத்தை எந்த அளவில் நிறுத்தினீர்கள்? வெண்புள்ளியும் காமாவும் சொன்னீர்கள், அதைச் சொல்லவில்லை. அச்சை எந்த விளக்கின் கீழ் பார்க்கிறீர்கள்? எந்த மென்பொருளிலிருந்து அச்சிடுகிறீர்கள்? பிரிண்டர் டிரைவரின் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) நிறப் பகுதியில் என்ன தேர்வு இருக்கிறது? தாள் வகை என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறீர்கள்?

பதிவு 3 – இலைநிழல்

நன்றி. மானிட்டர் பிரகாசம் சதுர மீட்டருக்கு 180 கேண்டெலா. பகலில் வசதியாக இருக்கிறது என்பதால் அந்த அளவு. அச்சை மேசைக்கு அருகிலேயே, அறையின் பொது விளக்கில் பார்க்கிறேன். ஃபோட்டோஷாப்பிலிருந்து அச்சிடுகிறேன், அதில் நிறத்தை ஃபோட்டோஷாப்பே நிர்வகிக்கட்டும் என்று தேர்ந்தெடுத்து, தாளின் புரொஃபைலைக் கொடுத்திருக்கிறேன். டிரைவரில் நிறப் பகுதி தானியங்கியாக இருக்கிறது. தாள் வகை, அந்தத் தாளின் பெயருக்கு நெருக்கமாகத் தோன்றிய ஒன்று.

பதிவு 4 – ஒளிமானி

இருட்டைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன். மற்றதை மைத்துளி பார்த்துக்கொள்வார்.

மானிட்டர் தானே ஒளிர்கிறது. தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது. விழுகிற ஒளியில் ஒரு பங்கைத் திருப்பித் தருவது மட்டுமே அதன் வேலை. எனவே தாளின் வெண்மை எவ்வளவு பிரகாசமானது என்ற கேள்விக்குத் தாளிடம் விடை இல்லை, விளக்கிடம்தான் இருக்கிறது. கணக்கும் எளிது. தாளில் விழும் ஒளியை லக்ஸில் எடுத்து, தாள் திருப்பித் தரும் பங்கால் பெருக்கி, பை (π, சுமார் 3.14) என்ற எண்ணால் வகுத்தால், சதுர மீட்டருக்கு எத்தனை கேண்டெலா என்பது கிடைக்கும். நல்ல வெள்ளைத்தாள் சுமார் 90 விழுக்காடு திருப்பித் தரும் என்று கொள்வோம். 500 லக்ஸ் விழுந்தால் தாள் ஏறத்தாழ 143 கேண்டெலா. 300 லக்ஸில் 86. வீட்டறைகளில் மாலையில் சாதாரணமாகக் காணும் 150 லக்ஸில் வெறும் 43.

உங்கள் மானிட்டரின் வெண்மை 180. அதற்கு ஈடாகத் தாள் தெரிய வேண்டுமானால் அதன் மேல் சுமார் 630 லக்ஸ் விழ வேண்டும். உங்கள் அறை விளக்கு அதைத் தருகிறதா? தராவிட்டால் அச்சு இருட்டாகத் தெரிந்தே தீரும். கோப்பில் குற்றமில்லை, பிரிண்டரிலும் குற்றமில்லை.

காமிரா வைத்திருப்பவருக்கு லக்ஸ் மீட்டர் தேவையில்லை. மானிட்டரில் முழுத்திரை வெள்ளையைப் போடுங்கள். காமிராவின் சட்டம் முழுக்க அந்த வெள்ளை நிறையும்படி பிடித்து ஒளியளவு எடுங்கள். பிறகு அச்சு வைக்கும் இடத்தில் வெற்றுத்தாளை வைத்து, அதே ஐஎஸ்ஓ, அதே துளையில் மறுபடி எடுங்கள். இரண்டு ஷட்டர் வேகமும் ஒன்றாக இருந்தால் இரு வெண்மையும் சமம். தாளுக்கு இரண்டு மடங்கு நேரம் கேட்டால் தாள் பாதிப் பிரகாசம் என்று பொருள். திரையும் சில விளக்குகளும் துடிப்பவை. வேகமான ஷட்டரில் அளவு தவறும்; வினாடியில் 15-ல் ஒரு பங்கு அல்லது அதைவிட மெதுவாக வருமாறு துளையைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

பதிவு 5 – இலைநிழல்

அளந்தேன். தாளுக்குத் திரையைவிட ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு) கூடுதல் நேரம் கேட்கிறது. அதாவது திரையின் கால் பங்குப் பிரகாசம்! அப்படியானால் மானிட்டரை 45 கேண்டெலாவுக்கு இறக்க வேண்டுமா? அதில் வேலை செய்ய முடியுமா?

பதிவு 6 – ஒளிமானி

வேண்டாம். அவ்வளவு இறக்கினால் பல மானிட்டர்களில் கருமைக்கும் வெண்மைக்கும் இடையே உள்ள படிநிலைகள் கெடும், கண்ணும் களைக்கும். இரு பக்கத்திலிருந்தும் நெருங்குங்கள். மானிட்டரை 100 முதல் 120-க்குள் கொண்டுவந்து, அதே அளவில் மறுபடி காலிபரேட் செய்யுங்கள். பிரகாசப் பொத்தானை மட்டும் குறைத்துவிட்டுப் பழைய புரொஃபைலோடு தொடர்வது சரியல்ல. அச்சுக்குத் தனியாக ஒரு விளக்கு வையுங்கள். தாளின் மேல் 400 லக்ஸ் விழுந்தால் போதும், இரண்டும் ஏறத்தாழச் சமமாகிவிடும். நிறத்தைக் காட்டும் திறன் 95-க்கு மேல் குறிக்கப்பட்ட எல்இடி விளக்காகத் தேர்ந்தெடுங்கள். அந்த விளக்கின் ஒளி திரையின் மேல் படக்கூடாது.

இன்னொன்று. பிரகாசத்தை எவ்வளவு சரிசெய்தாலும் நிழல் பகுதியில் ஒரு வேறுபாடு மிஞ்சும். சாதாரண மானிட்டரின் வெண்மைக்கும் கருமைக்கும் விகிதம் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். பளபளப்புத் தாளில் மிக ஆழ்ந்த கறுப்பின் அடர்த்தி (மடக்கை அளவு) 2.3 என்றால் விகிதம் 200-க்கு ஒன்றுதான். பளபளப்பற்ற தாளில் அடர்த்தி 1.6 அளவில் நின்றுவிடும். விகிதம் 40-க்கு ஒன்று. இலைகளுக்கு இடையிலான விவரம் போய்விட்டது என்கிறீர்களே, அதில் ஒரு பகுதி இந்தச் சுருக்கத்தால் நேர்வது. அதை விளக்கால் மீட்க முடியாது. கோப்பில் நிழல்களைத் திறந்துதான் மீட்க முடியும்.

பதிவு 7 – மைத்துளி

இப்போது சிவப்புச் சாயல். "டிரைவரில் நிறப் பகுதி தானியங்கியாக இருக்கிறது" என்றீர்கள். நான் தேடியது அதைத்தான்.

ஃபோட்டோஷாப் உங்கள் கோப்பின் எண்களை எடுத்து, தாளின் புரொஃபைல்படி மாற்றி, இந்தத் தாளில் இந்த மையில் இதுதான் சரியான நிறம் என்று முடித்து அனுப்புகிறது. தானியங்கி நிலையில் இருக்கும் டிரைவர் அதை முடிந்த வேலையாகக் கருதாது. வந்த எண்களைச் சாதாரணப் படமாக எடுத்துக்கொண்டு, தன் பங்குக்கு இன்னொரு முறை திருத்துகிறது. இரட்டைத் திருத்தத்தின் அடையாளம் பெரும்பாலும் மஜந்தா பக்கம் சாயும் முகமும், தேவைக்கு மேல் இருளும்தான். உங்கள் இருட்டில் ஒரு பங்கு இங்கிருந்தும் வந்திருக்கும்.

எனவே டிரைவரில் நிறத் திருத்தத்தை முழுமையாக அணையுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அந்தத் தேர்வின் பெயர் மாறும்: ஒன்றில் நிறச் சரிசெய்தல் இல்லை என்றிருக்கும், இன்னொன்றில் நிறப் பொருத்தம் எதுவுமில்லை என்றிருக்கும். மேக்கில் மென்பொருள் நிறத்தை நிர்வகிக்கும்போது அந்தப் பகுதி பொதுவாகத் தானே செயலிழந்து மங்கிவிடும். விண்டோஸில் நாமேதான் அணைக்க வேண்டும், அணைத்த தேர்வு நிலைத்திருக்கிறதா என்றும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். டிரைவர் புதுப்பிக்கப்பட்டால் அது பழையபடி தானியங்கிக்குப் போய்விடக்கூடும்.

தாள் வகையை நெருக்கமாகத் தோன்றியதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எவ்வளவு மை விழ வேண்டும், எந்தக் கறுப்பு மை பயன்பட வேண்டும் என்பதையெல்லாம் அந்தத் தேர்வுதான் முடிவு செய்கிறது. புரொஃபைலை உருவாக்கியவர் எந்தத் தாள் வகையில் சோதனைத் தாளை அச்சிட்டாரோ அதையேதான் நீங்களும் போட வேண்டும். புரொஃபைலோடு வரும் குறிப்புக் கோப்பில் அது எழுதப்பட்டிருக்கும். பலரும் புரொஃபைலை நிறுவிவிட்டு அந்தக் குறிப்பைத் திறப்பதே இல்லை. புரொஃபைல் என்பது தாளின் குணம் மட்டுமன்று. தாள், மை, பிரிண்டர், டிரைவர் அமைப்பு நான்கும் சேர்ந்த ஒரு நிலையின் பதிவு. நான்கில் ஒன்று மாறினாலும் அது வேறொரு பிரிண்டரைப் பற்றிய பதிவாகிவிடுகிறது.

அச்சிடுவதற்கு முன், மை தெளிக்கும் முனைகளின் சோதனை ஒன்று எடுத்துவிடுங்கள். ஒரு நிறத்தின் சில முனைகள் அடைத்திருந்தாலே சாயல் வந்துவிடும். அப்போது மேலே சொன்ன எதுவும் உதவாது.

பதிவு 8 – கூர்விழி

அடிப்படையான ஒன்றை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். அச்சோடு ஒப்பிடுபவர் மானிட்டரை ஏன் டி65-இல் வைக்க வேண்டும்? அச்சுத் துறையின் பார்வை ஒளிக்கான தரம் ஐஎஸ்ஓ 3664. அது சொல்வது டி50. நுணுக்கமான ஒப்பீட்டுக்கு 2000 லக்ஸ், நடைமுறை மதிப்பீட்டுக்கு 500 லக்ஸ், இரண்டிலும் ஒளி டி50. டி50 ஏறத்தாழ 5000 கெல்வின், டி65 ஏறத்தாழ 6500. தாள் ஒன்றில், திரை மற்றொன்றில் என்றால் நிறம் எப்படிப் பொருந்தும்? திரையையும் டி50-க்கு மாற்றுங்கள், பாதித் தொல்லை தீரும்.

பதிவு 9 – ஒளிமானி

கூர்விழி, டி50 விளக்குப் பெட்டியைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர்களுக்கு நீங்கள் சொல்வது சரி. அச்சை அருகில் வைக்காமல் திரையை மட்டும் பார்க்கும் நிலைக்கு அதே தரம் டி65 வெண்மையைச் சொல்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இலைநிழலிடம் இருப்பது விளக்குப் பெட்டி அல்ல, மேசை விளக்கு.

என் அனுபவத்தில் இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. எண்கள் ஒன்றாக இருப்பதால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் என்று உறுதியில்லை. திரையின் எல்இடி ஒளியும் விளக்கின் ஒளியும் வெவ்வேறு அலைநீளக் கலவைகள். கருவி இரண்டையும் 1931-இல் வகுத்த சராசரிப் பார்வையாளரின் கணக்கில் வைத்து ஒன்றென்று சொல்லும். உங்கள் கண் அந்தச் சராசரி அல்ல. திரையையும் விளக்கையும் டி50-க்கு அளந்து வைத்த பிறகும், பலருக்குத் திரை மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிகிறது. எனவே நான் செய்வது இதுதான்: வெற்றுத்தாளை விளக்கின் கீழ் வைத்து, திரையில் வெள்ளைச் சாளரத்தைத் திறந்து, இரண்டும் ஒரே வெண்மையாகத் தோன்றும் வரை வெண்புள்ளியைக் கண்ணால் சரிசெய்கிறேன். பிறகு அந்த வெண்புள்ளியை அளந்து, அதையே இலக்காக வைத்துக் காலிபரேட் செய்கிறேன். டிஸ்ப்ளேகால் போன்ற மென்பொருளில் இதற்கு வழி இருக்கிறது.

பதிவு 10 – கூர்விழி

கண்ணால் சரிசெய்வது என்றால் கருவி எதற்கு? நாளைக்கு இன்னொருவர் உட்கார்ந்தால் இன்னொரு வெண்மை. தரம் என்று ஒன்று இருப்பதே இந்த அலைச்சலைத் தவிர்க்கத்தான். அச்சகத்தோடு சேர்ந்து வேலை செய்பவர்களுக்கு உங்கள் வழி ஒத்துவராது. அங்கே எல்லோரும் ஒரே டி50-ஐப் பார்த்தே ஆக வேண்டும்.

பதிவு 11 – ஒளிமானி

பலர் சேர்ந்து கையெழுத்திடும் வேலைக்கு உங்கள் கருத்தை ஏற்கிறேன். தனியாக அமர்ந்து, தன் படத்தைத் தானே அச்சிடுபவருக்கு அது பொருந்தாது. இந்த இடத்தில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை; இலைநிழல் இரண்டையும் செய்து பார்த்துத் தன் கண்ணுக்கு எது சரியோ அதை வைத்துக்கொள்ளட்டும்.

கருவி எதற்கு என்று கேட்டீர்கள். படிநிலைகளுக்கும் நடுநிலைச் சாம்பலுக்கும் கருவி இன்றியமையாதது. ஆனால் முதல் பதிவில் சொன்ன அந்த டெல்டா இ எண்ணைப் பற்றி எச்சரிக்க வேண்டும். காலிபரேட் செய்த அதே கருவியே சரிபார்க்கவும் செய்கிறது. ஒரு தராசு தவறாக இருந்தால், அதே தராசில் மறுபடி நிறுத்துப் பார்த்து என்ன தெரியும்? அந்த எண், திரை கருவியின் கணிப்போடு பொருந்தியிருக்கிறது என்று மட்டுமே காட்டும். குறிப்பாக அகன்ற நிறவீச்சுள்ள (கூடுதல் நிறங்களைக் காட்டக்கூடிய) மானிட்டர்களில், பின்னொளி எந்த வகை என்று மென்பொருளில் சரியாகக் குறிப்பிடாவிட்டால் கலரிமீட்டரின் கணிப்பே வெண்மையில் பிசகும். இலைநிழல், உங்கள் மென்பொருளில் திரை வகை என்ற தேர்வு என்னவென்று ஒருமுறை பாருங்கள்.

பதிவு 12 – புதுவரவு

இடையில் ஒரு கேள்வி. இவ்வளவு எதற்கு? அச்சு எப்படி வருகிறதோ அப்படியே திரை தெரியும்படி மானிட்டரின் சிவப்பு, பச்சை, நீலக் குமிழ்களைத் திருகிவிட்டால் போதாதா?

பதிவு 13 – மைத்துளி

போதாது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு படத்துக்குப் பொருந்தும், அடுத்த படத்துக்குப் பொருந்தாது. அச்சில் முகம் மட்டும் சிவந்து வானம் சரியாக இருந்தால், சிவப்புக் குமிழை ஏற்றியதும் திரையில் வானமும் சிவக்கும். அதுமட்டுமன்று, அந்தத் திரையில் திருத்திய படம் வேறு எந்தத் திரையிலும் சரியாகத் தெரியாது. பிழை எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அந்தக் கட்டத்தில்தான் திருத்த வேண்டும். ஒளிமானி சொன்ன வெண்புள்ளிப் பொருத்தம் வேறு. அங்கே தொடுவது வெற்றுத்தாளின் வெண்மையை மட்டும், அதன் பிறகு புரொஃபைல் மீண்டும் எடுக்கப்படுகிறது.

உங்களுக்கும் இலைநிழலுக்கும் ஒன்று: உங்கள் படத்தை வைத்து நோய் தேடாதீர்கள். நிறச் சோதனைப் படம் ஒன்றைப் பதிவிறக்கி அச்சிடுங்கள். அதில் சாம்பல் படிக்கட்டு, பல நிறத் தோல், ஆழ்ந்த நிழல், முழுச்செறிவு நிறங்கள் எல்லாம் அறிந்த அளவில் இருக்கும். சோதனைப் படமும் கோணலாக வந்தால் பிழை அச்சிடும் வழியில். அது நேராக வந்து உங்கள் படம் மட்டும் கோணலாக வந்தால், பிழை திருத்திய திரையிலோ திருத்தத்திலோ.

பதிவு 14 – இலைநிழல்

டிரைவரில் நிறத் திருத்தத்தை அணைத்தேன். தாள் வகை, புரொஃபைலோடு வந்த குறிப்பில் வேறாகத்தான் இருந்தது, மாற்றினேன். மானிட்டரை 110 கேண்டெலாவில் மறுபடி காலிபரேட் செய்தேன். சோதனைப் படத்தில் சாம்பல் படிக்கட்டு சாயல் இல்லாமல் வருகிறது. முகத்தின் சிவப்பு முற்றிலும் போய்விட்டது. புதிய விளக்கின் கீழ் இருட்டும் பெரும்பாலும் நீங்கிவிட்டது. இவ்வளவு தெளிவாக ஒவ்வொன்றும் பிரிந்து விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

நீலப் பூ மட்டும் இன்னும் ஊதாவாகவே இருக்கிறது. சோதனைப் படத்தின் நீலக் கட்டமும் அப்படியே.

பதிவு 15 – மைத்துளி

அது அமைப்புப் பிழை அல்ல. அந்த நீலம் உங்கள் தாளில் இல்லை.

திரையின் நீலம் ஒளி. அச்சின் நீலம், சயானும் மஜந்தாவும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உண்டாவது. திரைகளுக்கான வழக்கமான நிறவெளியான எஸ்ஆர்ஜிபியின் முழு நீலத்தை அந்தக் கலவையால் எட்டவே முடியாது. அதைவிட அகன்ற அடோபி ஆர்ஜிபிக்கு மாறினால் தீருமா என்று கேட்பார்கள். தீராது, இரண்டின் நீல முனையும் ஒன்றே, அடோபி ஆர்ஜிபி விரிவது பச்சை, சயான் பக்கம்.

எட்ட முடியாத நிறத்தைப் புரொஃபைல் அருகில் உள்ள நிறத்துக்கு இழுக்கிறது. நிறவாகு (சிவப்பா, நீலமா, ஊதாவா என்ற தன்மை) மாறாமல் செறிவை மட்டும் குறைக்க அது முயல்கிறது. ஆனால் இந்தக் கணக்குகள் பெரும்பாலும் நடக்கும் லேப் நிறவெளியில், நீலப் பகுதியின் நிறவாகுக் கோடுகள் நம் கண்ணின் உணர்வோடு ஒத்துப்போவதில்லை. கணக்கில் நேராகக் குறைத்த நீலம் கண்ணுக்கு ஊதாவாகச் சாய்ந்து தெரிகிறது.

ஃபோட்டோஷாப்பில் சாஃப்ட் ப்ரூஃபை (அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் முன்னோட்டம்) தாளின் புரொஃபைலோடு திறந்து, எட்ட முடியாத நிறங்களைச் சுட்டும் நிறவீச்சு எச்சரிக்கையைப் போடுங்கள். பூ முழுக்கச் சாம்பலாகும். எண்களை அப்படியே காக்கும் தேர்வு அணைந்திருக்க வேண்டும். எட்ட முடியாத நிறங்களை மாற்றும் முறைகளான பெர்செப்சுவல் (எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்குவது), ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் (எட்டாதவற்றை மட்டும் இழுப்பது) இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டாவதைப் பயன்படுத்தினால் கரும்புள்ளி ஈட்டையும் (கோப்பின் கறுப்பைத் தாளின் கறுப்போடு பொருத்தும் தேர்வு) சேர்த்துப் போடுங்கள், இல்லையேல் நிழல் அடைபடும். ஒன்று எப்போதும் சிறந்தது என்ற விதி கிடையாது. செறிந்த நிறம் குறைவான படங்களுக்கு ரிலேட்டிவ் முறையையே நான் விரும்புகிறேன், இப்படிப்பட்ட பூக்களுக்குப் பெர்செப்சுவலில் இதழின் மடிப்புகள் சற்றுக் கூடுதலாக மிஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு, ப்ரூஃப் திறந்திருக்கும்போதே நீலத்தின் நிறவாகுவைச் சயான் பக்கம் சிறிது நகர்த்தி, செறிவைக் கொஞ்சம் இறக்குங்கள். ஊதா விலகும். திரையில் பார்த்த அந்த எரியும் நீலம் வராது. ஆனால் நீலமாக இருக்கும். இந்தத் திருத்தத்தைத் தனி அடுக்கில் வையுங்கள், அது இந்தத் தாளுக்கு மட்டும் உரியது.

தாள் நிறத்தைக் காட்டும் தேர்வைப் போடும்போது படம் சட்டென்று மங்கி உயிரற்றுத் தெரியும். அதைக் கண்டு பயந்து பலர் அணைத்துவிடுகிறார்கள். மென்பொருளின் வெள்ளைப் பட்டைகளைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு பார்ப்பதால்தான் அது அவ்வளவு மோசமாகத் தெரிகிறது. முழுத்திரைக்குச் சென்று, சாம்பல் பின்னணியில், அந்தத் தேர்வைப் போடும் கணத்தில் பார்வையை விலக்கிப் பிறகு பாருங்கள். கண் பழகியதும் அச்சுக்கு எவ்வளவு நெருக்கம் என்று தெரியும்.

பதிவு 16 – அச்சகத்தார்

அச்சுக்கூடத்திலிருந்து வந்த மஞ்சள் அச்சைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நான் அந்த வேலையில் இருப்பவன்.

பெரும்பாலான கூடங்களில் வரும் கோப்புகள் அனைத்தும் தானியங்கித் திருத்தத்தின் வழியாகப் போகும். திருத்தாமல் வரும் படங்களுக்கான ஏற்பாடு அது. கவனமாகத் திருத்திய படம் எது, திருத்தாத படம் எது என்று இயந்திரத்துக்குத் தெரியாது; காடு இருட்டாக இருந்தால் வெளிச்சமாக்கும், பச்சை மிகுந்திருந்தால் அதை ஈடுசெய்ய எதிர்ப்பக்கம் சாய்க்கும். எனவே திருத்தம் ஏதும் வேண்டாம் என்று கோப்போடு எழுதிக் கொடுங்கள், நேரிலும் சொல்லுங்கள். கூடத்தின் புரொஃபைலைக் கேட்டு வாங்கி அதில் சாஃப்ட் ப்ரூஃப் பாருங்கள். ஆனால் அவர்கள் கேட்காதவரை கோப்பை அந்தப் புரொஃபைலுக்கு மாற்றி அனுப்பாதீர்கள். எஸ்ஆர்ஜிபியில், புரொஃபைலை உட்பொதித்து அனுப்புவதே பாதுகாப்பு. பல இயந்திரங்கள் எந்தக் கோப்பையும் எஸ்ஆர்ஜிபி என்றே கொள்ளும். அடோபி ஆர்ஜிபிக் கோப்பு அங்கே போனால் நிறம் செத்து வரும்.

கூடத்து அச்சு பெரும்பாலும் ஒளியுணர் தாளில் வேதிமுறையில் கழுவி எடுத்தது, உங்களுடையது மை. இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒவ்வொன்றையும் அதனதன் ப்ரூஃபோடு ஒப்பிடுங்கள்.

பதிவு 17 – புதுவரவு

என் அச்சு சன்னல் ஓரத்தில் நன்றாக இருக்கிறது, இரவில் எல்இடி விளக்கில் தாளே மஞ்சளாகத் தெரிகிறது. நிறம் மாறுமா?

பதிவு 18 – ஒளிமானி

மை மாறவில்லை, தாளில் உள்ள வெண்மையூட்டி வேலை செய்யவில்லை. பளிச்சென்று வெண்மையாகத் தெரியும் தாள்களில் புற ஊதாக் கதிரை உள்வாங்கி நீல ஒளியாக உமிழும் வேதிப்பொருள் சேர்க்கப்பட்டிருக்கும். சன்னல் ஒளியில் புற ஊதா இருக்கிறது. தாள் நீலவெண்மையாக ஒளிர்கிறது. சாதாரண வெள்ளை எல்இடியில் புற ஊதா ஏறத்தாழ இல்லை. தாளின் இயல்பான மங்கல் நிறம் வெளிப்படுகிறது. புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்தாலும் இதே விளைவுதான். வெண்மையூட்டி காலப்போக்கில் வலுவிழக்கவும் செய்யும், எனவே நெடுங்காலம் வைக்கும் படங்களுக்கு அது சேர்க்காத தாளையே நான் பரிந்துரைக்கிறேன்.

புரொஃபைல் எடுக்கும்போதும் இது குறுக்கிடும். அச்சு நிறத்தை அளப்பதற்கான தரமான ஐஎஸ்ஓ 13655, 2009 பதிப்பில் அளவீட்டு நிலைகளை எம்0 முதல் எம்3 வரை வகுத்தது. எம்1 என்பது புற ஊதா உட்பட டி50 ஒளியில் அளப்பது. எம்2 என்பது புற ஊதாவை விலக்கி அளப்பது. வெண்மையூட்டி மிகுந்த தாளை எம்1-இல் அளந்து, எல்இடி விளக்கில் பார்த்தால் எதிர்பாராத மஞ்சள் வரும்.

பதிவு 19 – இலைநிழல்

நீலத்தை நகர்த்திய பின் பூ பூவாகவே வந்திருக்கிறது. கூடத்திலும் திருத்தம் வேண்டாம் என்று சொல்லி மறு அச்சு வாங்கினேன்; மஞ்சள் இல்லை. கடைசியாக இரண்டு கேள்விகள். எனக்கென்று தனிப் புரொஃபைல் எடுக்க வேண்டுமா? இந்தப் படம் மாட்டப்போவது வெளிச்சம் குறைந்த ஒரு நடைவழியில். அங்கே பிடித்துப் பார்த்தால் மறுபடி இருட்டாகத் தெரிகிறதே?

பதிவு 20 – மைத்துளி

சாம்பல் படிக்கட்டு சாயலின்றி வருகிறது என்றால் இப்போதைக்குத் தேவையில்லை. நடுச் சாம்பலில் பச்சையோ சிவப்போ தொடர்ந்து தெரியத் தொடங்கினால், அல்லது புரொஃபைலே இல்லாத தாளுக்கு மாறினால், அப்போது எடுங்கள். சோதனைத் தாளை அச்சிட்டதும் அளக்காதீர்கள்; ஒரு முழுநாள் உலரவிடுங்கள். மை உலரும்போது நிறம் சற்று நகரும்.

பதிவு 21 – ஒளிமானி

நடைவழிக்காக மானிட்டரைத் தொடாதீர்கள். அங்கே தாளில் விழும் ஒளியைக் காமிராவால் அளந்து, உங்கள் மேசை விளக்கோடு ஒப்பிடுங்கள். ஒரு ஸ்டாப் குறைவு என்றால் கண் ஓரளவு தானே ஈடுகட்டிக்கொள்ளும். அதற்கு மேல் குறைவென்றால் கோப்பின் ஒரு நகலில் நடுத்தொனிகளையும் நிழல்களையும் வளைகோட்டால் உயர்த்தி, வெண்மையை அப்படியே விட்டு, சிறிய அளவில் சில துண்டுகள் அச்சிட்டு அங்கேயே சுவரில் பிடித்துப் பாருங்கள். தேர்ந்தெடுத்ததற்கு அந்த இடத்தின் பெயரையே கோப்புப் பெயராக வையுங்கள், மூலக் கோப்போடு கலந்துவிடாமல் இருக்கும். அங்கே ஒரு சிறு விளக்கைப் படத்தின் மேல் திருப்ப வாய்ப்பிருந்தால், இதில் எதுவும் தேவைப்படாது.